புளி போட்டுத் துலக்கிய காசு

ஒரு மலையைக் கொல்லும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டி, பாதி உயிரோடு விட்டுவிட்டு மேலே ஏறிப் போவார்கள். கடைசியில் உச்சியில் நிற்கும் பெரிய மரத்தை மட்டும் முழுதாக வெட்டுவார்கள். அது சாய்ந்து கீழே நிற்பதன்மேல் விழும். அது தனக்குக் கீழே நிற்பதன்மேல் விழும். ஒரே மூச்சில் சரிவு முழுக்க முறிந்து இறங்கும். குரங்கு விழும். குஞ்சோடு கூடு விழும். பிறகு நாலு வாரம் வெயிலில் காயவிட்டுத் தீ வைப்பார்கள். தீ அணைந்ததும் செருப்பில்லாத கால்களோடு எங்களை அந்தச் சாம்பலில் இறக்கி, காப்பிக் கன்றுக்குக் குழி வெட்டச் சொல்வார்கள்.

கண்டிப் பக்கம் தெல்தோட்டைக்கு மேலே அப்படிச் செத்த ஒரு மலையில்தான் எனக்கும் என் புருஷனுக்கும் கலியாணமான முதல் வருஷம் கழிந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். என் அப்பன் மணலில் விரல் பிடித்துக் கற்றுக்கொடுத்த எழுத்தில் இதை எழுதுகிறேன். எழுதுகிற கை, அன்றைக்குத் துலக்கிய அதே கை. அதனால்தான் அடிக்கடி நிறுத்திவிட்டு எழுந்து நடக்கிறேன்.

அந்த மலையில் ஒரு மரத்தை மட்டும் வெட்டவில்லை. காட்டைச் சாய்க்கும்போது ஒரு மரத்தை முனிக்கு விடுவது எங்கள் சனங்களின் வழக்கம். துரைகூட அதில் தலையிட மாட்டார். அந்த மரத்தடியில் ஒரு கல் நட்டு, மஞ்சள் பூசி, மண்ணில் முதலில் எது கிடைத்தாலும் அதில் ஒரு பங்கை அங்கே புதைத்துவிடுவோம். கொடுத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுத்தால் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கே பேதி வரும் என்பார்கள். பேதி என்றால் காலையில் பேசிக்கொண்டிருந்தவர் சாயங்காலம் பாயில் சுருட்டப்படுவது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஒருநாள் மத்தியானம் என் புருஷன் குழி வெட்டுகிற இடத்தில் அலவாங்குக் கடப்பாரை எதன்மேலோ இடித்தது. கல் என்று நினைத்து இன்னும் ஓங்கி ஒரு குத்து விட்டிருக்கிறார். பானை உடைந்தது. கம்பளிக்குள் அதைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தார். முகம் முழுக்கக் கரி. கரிக்கு நடுவில் பல் மட்டும் சிரித்தது.

"புள்ள, கதவச் சாத்து."

கம்பளியை விரித்தார். செப்புக் காசுகள். எல்லாம் பாசி பிடித்த கிணற்றுக் கல் மாதிரிப் பச்சை. பானையின் மேல்பக்கத்தில் இருந்தவை உதிரியாக வந்தன. அடியில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, பாதித் தேங்காய் அளவில் ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. ஒரு காசைச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒருவன் நின்றான். மறுபக்கம் ஒருவன் உட்கார்ந்திருந்தான். குச்சியால் கீறியது போன்ற கை, கால். எந்த ராசாவோ, எந்தத் தங்கசாலையில் எவன் சுத்தியலால் அடித்ததோ.

"தொரைக்குப் பழைய காசுன்னா உசுராம்," என்றார். "பங்களா அலுமாரியில செவப்புத் துணி விரிச்சு அடுக்கி வச்சிருக்காராம். கொண்டு வர்றவனுக்குக் கேட்டதக் குடுப்பேன்னு காலையில ஆள் எண்ணுற பெரட்டுல சொன்னாரே, கேட்டியா?"

"என்ன கேக்கப் போறீங்க?"

"துண்டு கேக்கப் போறேன். எங்கள விட்டுருங்க, கண்டிக்கு எறங்கிப் போறோம்னு கேக்கப் போறேன்."

துண்டு என்றால் தோட்டத்தை விட்டுப் போகத் துரை எழுதித் தரும் சீட்டு. அது இல்லாமல் இறங்கினால் ஓடிப்போனவன் என்று பிடித்துக் கட்டி அடிப்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மூச்சு வேறு மாதிரி ஓடியது. சாம்பலில்லாத ஊர். மரம் விழும் சத்தமில்லாத காலை.

கட்டியை அன்றைக்கே அவர் முனி மரத்தடியில் புதைத்தார். உதிரிக் காசுகளை என்னிடம் கொடுத்தார். பானை ஓட்டைக் குழியிலேயே போட்டு மூடிவிட்டார்.

நான் செய்தது இதுதான்.

அந்த வருஷம்தான் புதுச் சதக் காசுகள் வந்திருந்தன. ஒரு பக்கம் ராணியின் தலை, மறுபக்கம் பனைமரம். கடல் தாண்டி எங்கோ ஒரு தங்கசாலையில் யந்திரம் போட்டு அடித்து வந்தவை, அடுப்புத் தணல் மாதிரி மின்னின. தெல்தோட்டைக் கடைக்காரர் அந்தக் காசை இரண்டு விரலால் எடுப்பார். தேய்ந்து கறுத்த பழைய துட்டைக் கொடுத்தால் முகத்திலேயே விட்டெறிவார். "இத ஒங்க மாட்டுக்குக் கட்டு போ" என்பார். ஒருமுறை அப்படி எறிந்தது என் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. காசு என்றால் மின்ன வேண்டும். மின்னாதது காசில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அலுமாரியில் அடுக்குகிறவர்களுக்கு வேறு கண் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்குகிற மாதிரி உட்கார்ந்தேன். புளியைக் கரைத்து ஊறப்போட்டேன். சாம்பல் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். போகாத பச்சையை ஆற்று மணலால் உரசினேன். விரல் நுனியில் தோல் போய்விட்டது. நிற்கிறவன், உட்கார்ந்திருக்கிறவன் எல்லாரையும் பளபளவென்று எழுப்பிவிட்டேன். துரைக்குக் கொடுக்கிற பொருளை அழுக்கோடு கொடுப்பதா? கடைசிக் காசைத் துடைத்துவிட்டு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பங்களா வாசல். துரை வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெரிய கங்காணி பக்கத்தில் நின்றான். என் புருஷன் காசு முடிந்த துணியை விரித்ததும் துரையின் கை ஆசையோடு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றது. ஒன்றை எடுத்தார். திருப்பினார். முகர்ந்தார்.

"புளி," என்றார் தமிழில்.

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். நான்தான் துலக்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"கள்ளன்!" துரை எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. "புதுசு! நேத்துச் செஞ்சது!"

அதற்கு முந்தின மாதம் கண்டியில் ஒரு பித்தளைக்காரன் பழைய ராசா காசு என்று சொல்லி, தானே வார்த்த காசுகளைத் துரையிடம் விற்று ஏமாற்றியிருக்கிறான். மற்றத் துரைமார் கூடிச் சிரித்திருக்கிறார்கள். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தச் சிரிப்பெல்லாம் அன்றைக்கு என் புருஷன் முதுகில் இறங்கியது. சவுக்கு, அது போதாமல் பூட்ஸ் கால்.

"தொர, மண்ணுல கெடச்சது தொர! சத்தியமா மண்ணுல கெடச்சது!"

"மண்ணுல கெடச்சா இப்பிடியாடா மினுக்கும்?" என்றான் கங்காணி. "என்கிட்டக் காட்டாம நேரா பங்களாவுக்கு வர்ற அளவுக்குக் காலு நீண்டுருச்சோ? அச்சு எங்கடா? எதுல வச்சு அடிச்ச?"

"நான்தான் தேச்சேன்! புளி போட்டுத் தேச்சேன்!" என்று கத்தினேன்.

"பாத்தீங்களா தொர, பொண்டாட்டியும் கூட்டு," என்றான் அவன்.

மண்ணில் கிடைத்தது என்றால் மிச்சத்தைக் காட்டு என்றார் துரை. என் புருஷன் வாயை மூடிக்கொண்டார். மிச்சம் முனியுடையது. அதைத் தொட்டால் லயத்துப் பிள்ளைகள் சாகும். அவருக்கு அது சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி நிச்சயம். நான் வாயைத் திறந்தபோது என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என் நாக்கை அறுத்துப் போட்டது.

காப்பி ஸ்டோருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே பழம் பிழிகிற யந்திரம் இருந்தது. இரும்புப் பல்சக்கரம், சுற்றக் கைப்பிடி. கங்காணி அவருடைய வலது கையைப் பிடித்துச் சக்கரத்துக்கு நேரே வைத்தான்.

"கடைசியாக் கேக்கறேன். அச்சு எங்க?"

"அச்சு இல்ல சாமி."

"சுத்துடா," என்றான் கைப்பிடியில் நின்றவனிடம்.

அவன் எங்கள் லயத்து ஆள். முந்தின நாள் எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தவன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. காப்பிப் பழம் பிழிபடும்போது வருகிற சத்தமேதான் என்று மட்டும் சொல்கிறேன். வெளியே நின்ற துரை உள்ளே எட்டிப் பார்த்து "போதும்" என்றபோது மூன்று விரல் போயிருந்தது. பெருவிரலும் சுண்டுவிரலும் மிச்சம்.

சாக்கு மூட்டை ஏற்றிய காப்பி வண்டி அன்றைக்கே கண்டிக்குப் புறப்பட்டது. வண்டிக்குப் பின்னால் அவரைக் கயிற்றால் கட்டினார்கள். துரை குதிரையில் முன்னால் போனார். துலக்கிய காசெல்லாம் ஒரு பையில், சாட்சிக்கு. கள்ளக்காசு அடித்தவன் என்று கோட்டில் நீதிபதி தீர்ப்புச் சொன்னால் கப்பலில் ஏற்றிவிடுவார்கள், இல்லையென்றால் மறியல் சிறையில் கல் உடைத்தே சாவான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். மூன்று விரல் இல்லாதவன் எத்தனை நாள் கல் உடைப்பான்?

வண்டி வளைவில் மறைந்ததும் நான் முனி மரத்துக்கு நடந்தேன். யாரும் பார்க்காமல் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்க, கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து கையாலேயே தோண்டினேன்.

முதலில் லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காதான் கண்டாள். எனக்குக் கலியாணத்தன்று தலை பின்னிவிட்டவள்.

"அடியேய்! என்னாடி செய்யற? அது முனியோடது!"

"என் புருஷன் என்னோடவரு."

"எம் புள்ள சாகணுமாடி ஒனக்கு? எந்திரி!"

நான் எழுந்திருக்கவில்லை. விளக்குமாறு முதுகில் விழுந்தது. பிறகு ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். காப்பிக் குச்சி, விறகு, கை. ஒருத்தி முடியைப் பிடித்து இழுத்தாள். யாரோ எறிந்த கல் காதைக் கிழித்தது. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். பயந்த சனம் அடிக்கிற அடிக்கு அளவு கிடையாது. கட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டேன். பிள்ளையை அணைக்கிற மாதிரி. அடியெல்லாம் முதுகுக்கு, கட்டி எனக்கு.

கடைசியில் அக்காதான் மற்றவர்களைத் தள்ளினாள். "விடுங்கடி. செத்து வச்சா அதுக்கும் நாமதான் பதில் சொல்லணும். போகட்டும். போய்த் தொல! திரும்பி இந்தப் பக்கம் வந்த, நானே கொன்னுபுடுவேன்." தன் தலைத்துண்டை அவிழ்த்து என்மேல் எறிந்தாள். திட்டிக்கொண்டேதான் எறிந்தாள். அதில்தான் கட்டியை முடிந்துகொண்டேன்.

தலாத்துஓயா வழியாக இறங்கினேன். மழை. அட்டைகள் காலில் ஏறின, பிய்த்தெறிய நிற்கவில்லை. சீட்டில்லாமல் இறங்கிய கூலிக்காரி என்பதால், குதிரைக் குளம்பு கேட்டால் புதருக்குள் விழுந்துவிடுவேன். எங்கே படுத்தேன், படுத்தேனா என்பதுகூட நினைவில்லை. அடுத்த நாள் பத்து மணிப் போல அம்பிட்டி மேட்டில் ஏறி நின்றபோது கீழே கண்டி வாவி கிடந்தது. அவ்வளவு தண்ணீர், அவ்வளவு அமைதி. எனக்குக் கோபம்தான் வந்தது.

கோட்டு விறாந்தையில் என் புருஷன் தூணோடு கட்டிக் கிடந்தார். கையில் சுற்றிய சாக்குத் துணி கறுப்பாகக் காய்ந்திருந்தது. என் மடியைப் பார்த்தார். புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோட்டில் துரைமார் பேச்சைத் தமிழில் சொல்கிறவர் யாழ்ப்பாணத்தார். வெள்ளைச் சால்வை, மூக்குக் கண்ணாடி. என்னை மேலும் கீழும் பார்த்தார். காதில் ரத்தம், காலில் அட்டை.

"என்ன பிள்ளை, என்ன கொண்டுவந்தனி?"

"காசுங்கய்யா."

"லஞ்சமோ? இவ்வளவு பெரிய மூட்டையாய் இண்டைக்குவரை ஆரும் எனக்குத் தரேல்லை."

நான் சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்த்து அவர் காலடியில் வைத்தேன். மண்ணும் வேரும் பானை ஓடும் ஒட்டிய பச்சைக் கட்டி. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இதை ஒருத்தரும் ஒரு நாளிலை செய்யேலாது," என்றார் மெதுவாக. "பொறு, வாறன்." உள்ளே ஓடினார்.

எங்கள் துரை வெளியே வந்தார். கட்டியைக் கண்டதும் அந்தப் பெரிய மனுஷன் விறாந்தைத் தரையில் முழங்காலிட்டுவிட்டார். விரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து, முள் எடுப்பது போல ஒரு காசைப் பிரித்தார். நிற்கிறவன். திருப்பினார். உட்கார்ந்திருக்கிறவன். பையைத் திறந்து நான் துலக்கிய ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். அதே ஆள்கள்தான். ஒருவன் பச்சை, ஒருவன் சிவப்பு. கத்தியை மடக்கினார். பிறகு இங்கிலீசில் நாலு வார்த்தை.

"துரை சொல்லுறார், ஏதோ பிழை நடந்துபோச்சாம்," என்றார் யாழ்ப்பாணத்தார். "கட்டை அவிழ்க்கட்டாம். நீங்கள் போகலாமாம். துண்டும் எழுதித் தருவாராம்."

"விரலுக்கு என்ன சொல்றாரு?"

அவர் துரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதை நான் கேக்கேலாது பிள்ளை."

துரை வேறு ஏதோ கேட்டார். குரல் உடைந்திருந்தது. எத்தனை காசு துலக்கினாய் என்று கேட்கிறாராம்.

"எல்லாத்தையும்."

துரை கண்ணை மூடிக்கொண்டார். பையைத் தலைகீழாகப் பிடித்து, துலக்கிய காசெல்லாவற்றையும் விறாந்தையிலிருந்து மழைச் சேற்றில் கொட்டினார். யாழ்ப்பாணத்தார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அழிச்சுப்போட்டியாம். எத்தினையோ நூறு வருஷத்துப் பச்சையை ஒரு புளியங்கொட்டைக்கு அழிச்சுப்போட்டியாம். இனி அதுகள் ஒண்டுக்கும் உதவாதாம்."

துரையின் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பார்த்தேன். அது எங்களுக்கில்லை. அந்த நேரம் கட்டு அவிழ்ந்த என் புருஷனின் கையிலிருந்து காயம் திறந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. துரை கட்டியில் ரத்தம் படாமல் தள்ளி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சேற்றிலிருந்து ஒரே ஒரு காசை எடுத்துக்கொண்டேன். மிச்சத்துக்கு வண்டிக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள்.

கேட்டதைக் கொடுப்பேன் என்றாரே, கொடுத்துவிட்டார். கண்டிக்கு இறங்கிவிட்டோம். சந்தைப் பக்கம் ஓலைக்கூரை போட்டு அப்பம் சுட்டேன். அந்த மாதமே லயத்தில் பேதி வந்தது என்று கேள்விப்பட்டேன். அக்காவும் போனாள், அவள் பிள்ளையும் போனது. வருஷா வருஷம் எல்லா மலையிலும் வருகிற பேதிதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். என் புருஷன் பல மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் இரண்டு விரலால் அப்பச் சட்டியைப் பிடித்துத் திருப்பக் கற்றுக்கொண்டு, "சூடு போதும் புள்ள" என்றார். அங்கிருந்து பேச்சு வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

இப்போது காப்பிக்கும் சாவு வந்திருக்கிறது. இலைக்கு அடியில் மஞ்சள் தூசு, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. தோட்டம் தோட்டமாகப் பிடுங்கி எரிக்கிறார்கள். மறுபடி அதே புகை. எங்கள் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பலேறிப் போனார். கங்காணி இருக்கிறானோ இல்லையோ.

அந்த ஒரு காசு சுவரில் விளக்கு வைக்கும் பிறையில் கிடந்தது. நான் அதைத் தொடவே இல்லை. அடுப்புப் புகையும் கண்டி மழையும் சேர்ந்து அதை முதலில் கறுப்பாக்கின. பிறகு ஓரத்திலிருந்து பச்சை ஏறியது. போன மாசம் பார்த்தால், பானைக்குள்ளிருந்து வந்த அன்றைக்கு இருந்த அதே பச்சை என்று தோன்றியது.

அதைத் தேடித்தான் போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பல்லேகலப் பக்கத்துத் துரை, காசு சேர்க்கிறவர். சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். அந்தத் தடவல் எனக்குப் பழக்கமானது. வெள்ளி ரூபாய்களைப் பலகையில் அடுக்கினார். ராணி தலை போட்டது, தங்கசாலைப் பளபளப்புப் போகாதது. எங்கள் கூரையை ஓடாக மாற்ற அது போதும். மழைக்கு முந்தி மாற்றியாக வேண்டிய கூரை.

என் புருஷனைப் பார்த்தேன். அவர் ரூபாயைப் பார்க்கவில்லை. துரையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஐந்து விரலையும்.

"துலக்கு புள்ள," என்றார்.

"கூர?"

"கூர கெடக்கட்டும்."

துரையிடமிருந்து காசை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே குந்தினேன். புளி ஏற்கெனவே கரைத்திருந்தது, குழம்புக்கு. சாம்பல் அடுப்பில். நார் கைக்கெட்டும் தூரத்தில். துரைக்கு முதலில் விளங்கவில்லை. தண்ணீர் பச்சையாகி வழிந்தபோது விளங்கியது. "நோ! நோ!" என்று கத்திக்கொண்டு என் தோளைப் பிடித்தார். என் புருஷன் அந்தக் கையை இரண்டு விரலால் பிடித்து விலக்கினார். அந்த இரண்டு விரலில் இத்தனை வருஷத்துப் பலம் இருந்தது. துரையின் முகம் வெளுத்துவிட்டது. நான் மணல் போட்டு, தோல் போகத் தேய்த்தேன். நிற்கிறவன் எழுந்தான். உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். முந்தானையில் துடைத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. ரூபாய்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்று உருண்டு சாக்கடையில் விழுந்தது, குனியவில்லை. பைத்தியங்கள் என்றோ என்னவோ சொல்லிக்கொண்டு படியில் இறங்கினார்.

என் புருஷன் காசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தொண்டைக்குள் என்னவோ புரண்டது. இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு.

"நேத்துச் செஞ்சது, தொர!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். "பாத்துப் போங்க!"